சின்னவனுக்கு ஒரு படம்

2023 நவம்பர் 24, வெள்ளி

காலை ஏழரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பையை மேலே வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். உள்ளே துவாயால் சுற்றிய, கண்ணாடி போட்ட படம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெடியன் நல்லூர்க் கோயில் வீதியில் ஐஸ்கிறீம் கோனைப் பிடித்தபடி நிற்கிறான். 2002 திருவிழாவில் எடுத்தது. அந்த ஏப்ரலில்தான் யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்தது. ஐஸ்கிறீம் உருகி முழங்கை வரை வழிந்திருக்கிறது, அவனுக்கு அது தெரியவில்லை, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னுக்கு நிற்கும்.

அவன் என் சித்தியின் கடைசி மகன். வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். இந்தப் படம் எடுத்து ஆறு வருடத்தில், 2008 செப்டம்பரில், அக்கராயன் பக்கத்துச் சண்டையில் செத்துப்போனான். வயது பதினெட்டு. புலிகள் இயக்கத்தில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அவனை அந்தப் பெயரில் தெரியாது.

படம் அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் இருந்தது. போன மாசியில் அம்மா காலமான பிறகு பெட்டியைத் திறந்தபோது ஒரு பழைய சேலை மடிப்பில் கிடைத்தது. சித்தியிடம் சின்னவனின் படம் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்பதை அந்த இடத்துக்குப் போகிற நாளில் எழுதுகிறேன். பெரிதாக்கக் கொடுத்த ஸ்ரூடியோவில் இருந்த தம்பி, "அண்ணை, ஆள் இப்ப இல்லையோ? வயசைக் கூட்டி, வடிவான சேர்ட் ஒண்டு போட்டு விடட்டோ? இப்ப எல்லாம் செய்யலாம்" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம், உள்ளபடியே பெரிதாக்குங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி மறுபடி மறுபடி வந்தது.

செம்மணி வளைவில் பஸ் திரும்பியது. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே இந்த வழியால்தான் வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. எனக்கு ஒன்பது வயது. சின்னவனுக்கு ஐந்து. சித்தப்பாவின் சைக்கிள் கரியரில் ஒரு தலையணையைக் கட்டி அவனை இருத்தியிருந்தார்கள். விழாமல் பிடித்துக்கொண்டு நடப்பது என் வேலை. அவன் பாதி வழியில் நித்திரையாகி என் தோளில் சாய்ந்துவிட்டான். அந்தப் பாரம் இன்னும் தோளில் தெரியும்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இரண்டு குடும்பமும் ஒன்றாக ஆறு மாதம் இருந்தோம். 1996 ஏப்ரலில் ஆமி தென்மராட்சிக்கும் வந்தது. அம்மா, "நாங்கள் வீட்டை திரும்பிப் போவம், வாறது வரட்டும்" என்றார். சித்தப்பா, "பொம்பிளைப் பிள்ளையையும் ஆம்பிளைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு நான் அங்க வரமாட்டன்" என்று சொல்லி, கிளாலியில் இரவு வள்ளம் ஏறி வன்னிக்குப் போனார். அவர் பயந்தது பொய்யில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணம் திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டுக் காணாமல் போனார்கள். 1999இல் இந்தச் செம்மணியில் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். அந்த நேரத்தில் அம்மாகூட "தங்கச்சி குடும்பம் தப்பிச்சுது" என்று சொன்னது நினைவிருக்கிறது. யார் எந்தக் கரையில் நின்றோம் என்பதுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. நான் இந்தக் கரையில் நின்று கம்பஸ் போனேன். அவன் அந்தக் கரையில் நின்று பதினெட்டு வயதானான்.

முகமாலையில் இன்னமும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள், மண்டையோட்டுப் படத்தோடு. தலையில்லாத பனைகளுக்கு நடுவே புதுப் பனங்கன்றுகள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன.

ஆனையிறவில் வீதியோரத்தில் அந்தப் பழைய புல்டோசர் நிற்கிறது. 1991 ஜூலையில் புலிகள் முகாமை உடைக்க ஓட்டி வந்த கவச புல்டோசர். ஹசலக்க காமினி என்று சிங்கள மக்கள் அழைக்கும் காமினி குலரத்ன அதில் தொற்றி ஏறிக் குண்டை வெடிக்க வைத்து அதோடு செத்தார். இராணுவத்தின் உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்தது. தெற்கிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, இளம் வயது. அவருக்கு இங்கே நினைவுச் சின்னம் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மடியில் இருந்த படத்தைக் கையால் தடவிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கிளிநொச்சியில் இறங்கி வட்டக்கச்சி பஸ் பிடித்துப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. சித்தி படலையில் நின்றார். "மழைக்க நனைஞ்சே வாறாய் ராசா? பிளேன்ரீ ஊத்தட்டோ?" படத்தை இன்றைக்குக் கொடுக்கவில்லை. சித்தியின் மகள், என் தங்கச்சி, வேலையால் வரட்டும்.

நவம்பர் 25, சனி

சித்தியின் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சம் ரூபாயில் கட்டியது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. வளவில் ஒரு மா, நாலு தென்னை, பின்னால் வாய்க்கால். இரணைமடுத் தண்ணீர் அந்த வாய்க்காலால் வயலுக்குப் போகும். இப்போது காலபோகம், நெல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது.

தங்கச்சி கிளிநொச்சியில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறாள். காலை ஐந்து மணிக்கு ஆலை பஸ் வரும், இருட்டில் போய் இருட்டில் வருவாள். இன்று மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். அவள் வந்து கை கால் கழுவியதும் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சித்தி துவாயை அவிழ்த்தார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அந்தத் தலைப்பையே ஐஸ்கிறீம் வழிந்த முழங்கையில் வைத்து மெதுவாகத் துடைத்தார், கண்ணாடிக்கு மேலால். அது போகாது என்று அவருக்குத் தெரியும். அதிக நேரம் துடைத்தார். அழவில்லை. "அண்டைக்கு அந்தச் சேர்ட்டைத் தோய்ச்சது நான்தான். கறை போகேல்லை" என்றார்.

தங்கச்சி சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். கனநேரம் கழித்து, "வடிவா இருக்கு அண்ணா. ஆனால் இது அவன்ர முகம் இல்லை" என்றாள்.

"உது அவன்ர முகம்தான்" என்றார் சித்தி.

"போகேக்க இருந்த முகம் இல்லை எண்டுறன் அம்மா. மீசை முளைச்சிருந்தது."

"எங்க முளைச்சது? பூனைமயிர்."

தாயும் மகளும் மீசைக்காகச் சண்டை பிடித்தார்கள். நான் விறாந்தையில் போய் இருந்தேன்.

பின்னேரம் சித்தி தானாகவே அவனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நான் அறியாத பத்து வருடங்கள் அவை. கிளாலியால் வந்த குடும்பம் முதலில் ஸ்கந்தபுரத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தது. அது பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, சவர்க்காரம் கண்ணில் காண முடியாது, டோச் பற்றறிகூடத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரியும் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். சித்தப்பாவுக்குச் சைக்கிள் திருத்துகிற கடை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது சின்னவன். சுற்றினால் செய்தி கேட்கும், கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். பக்கத்துக் கொட்டில்களிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து குந்துவார்கள். அவன் முக்கியமான இடத்தில் வேண்டுமென்றே கையை எடுப்பான். "சுத்தடா மோனை!" என்று எல்லோரும் கத்துவார்கள். ஒரு கிழவி தினமும் பனங்கட்டித் துண்டு ஒன்றை அவன் வாயில் போட்ட பிறகுதான் சுற்றத் தொடங்குவானாம். சித்தி இதைச் சொல்லும்போது வாய்விட்டுச் சிரித்தார். பதினைந்து வருடத்தில் சித்தி அவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நீந்தப் பழகியது அக்கராயன்குளத்தில். வைகாசி, ஆனியில் காட்டுக்குள் போய்ச் சறம் நிறையப் பாலைப்பழம் கட்டிக்கொண்டு வருவான், உதடெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுக்கும். சமாதானம் வந்த பிறகுதான் வட்டக்கச்சிக்கு மாறி வந்தார்கள். இரணைமடுவில் வான்கதவு திறந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பான். கணக்கில் கெட்டிக்காரன், தமிழில் எழுத்துப்பிழை விடுவான். 2006 ஆகஸ்டில் பாதை பூட்டிய பிறகு செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக அவன் எனக்கு எழுதிய ஒரே கடிதத்தில் 'மச்சாள்' என்பதை 'மச்சால்' என்று எழுதியிருந்தான். என் கலியாணம் பற்றிக் கேட்டுத்தான் எழுதியிருந்தான்.

இரவு சித்தி படுத்த பிறகு தங்கச்சி வாய்க்கால் கட்டுக்கு வந்து இருந்தாள். அவள் சொன்னதை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். "எழுதுங்கோ அண்ணா, பெயரை மட்டும் போடாதேங்கோ" என்றாள்.

2007, 2008இல் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்குப் போகவேண்டும் என்று கட்டாயமாகிவிட்டது. மனமார விரும்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வருடமும் வேறு. பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒளித்தார்கள், பதினேழு பதினெட்டு வயதில் அவசரமாகக் கலியாணம் செய்து வைத்தார்கள். தங்கச்சிக்கு அப்போது இருபது. பேசிய சம்பந்தம் ஒன்று சரிவரவில்லை. சித்தப்பா குசினிக்குப் பின்னால் விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஒருவர் குந்தி இருக்கிற அளவு வெளி விட்டார். வாகனச் சத்தம் கேட்டால் அவள் அதற்குள் போய்விடுவாள். வாசலை இரண்டு முதிரைக் கட்டையால் மூடிவிடுவார். உள்ளே பூரான், சிலவேளை பாம்பு.

2008 வைகாசியில் ஒருநாள் இரவு வந்தார்கள். பெயர்ப் பதிவில் அவள் பெயர் இருந்தது. சின்னவன் அடுப்படியில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா கெஞ்சினார், மகள் யாழ்ப்பாணத்தில் என்று பொய் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் டோச்சை விறகுப் பக்கம் அடித்தார்.

"அப்ப அவன் எழும்பினான் அண்ணா. கையைக்கூடக் கழுவேல்லை. 'அக்கா இல்லை, நான் வாறன்' எண்டான். விறகு இடுக்கால அவன்ர முகம் மட்டும் தெரிஞ்சது. டோச் வெளிச்சம் அவன்ர முகத்தில. நான் இருக்கிற பக்கம் பாக்கவே இல்லை, பாத்தால் பிடிச்சிடுவாங்கள் எண்டு அவனுக்குத் தெரியும். நான் வெளியில வந்திருக்கலாம். கட்டையைத் தள்ளினால் காணும். தள்ளேல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது. அவளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் அவளே தட்டிவிட்டாள் என்று சித்தி சொல்லித்தான் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவளே, "நுளம்பு கடிக்குது, உள்ள வாங்கோ" என்றாள்.

நவம்பர் 26, ஞாயிறு

இன்று பௌர்ணமிப் போயா, ஆலை லீவு. காலையிலேயே தங்கச்சியின் மோட்டார் சைக்கிளில் முள்ளிவாய்க்காலுக்கு வெளிக்கிட்டோம். சித்தி வரவில்லை. "அங்க எனக்கு அலுவல் இல்லை" என்றார்.

பரந்தன் முல்லைத்தீவு வீதி இப்போது நல்ல கார்ப்பெற் வீதி. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு. பஸ்ஸில் போகிற ஆளுக்கு இவை தரிப்பிடங்கள். தங்கச்சிக்கு ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தோம், எதை விட்டுவிட்டு ஓடினோம் என்ற கணக்கு. "தர்மபுரத்தில ஒரு மாசம். உடையார்கட்டில ஆட்டை அவிட்டு விட்டம். சுதந்திரபுரத்தில தையல் மெசினைத் தாட்டம்." 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்த பிறகு ஐந்து மாதத்தில் ஒன்பது இடம். கடைசி இடங்களில் தறப்பாளும் சேலையில் மண் நிரப்பித் தைத்த மூட்டையும்தான் வீடு.

மாத்தளன் கடற்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். சித்தப்பா 2009 மார்ச்சில் இங்கேதான் கஞ்சி வாங்க வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து செத்தார். அரிசியும் உப்பும் போட்ட கஞ்சி. பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டார்கள். அடையாளத்துக்கு ஒரு அலுமினியப் பானையைக் கவிழ்த்து வைத்தார்களாம். இப்போது மணலும் இராவணன் மீசைப் புல்லும்தான். தங்கச்சி கொண்டுவந்த கற்பூரத்தை ஒரு இடத்தில் கொளுத்தினாள். காற்று விடவில்லை. மூன்றாம் தடவை நான் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு முள்ளிவாய்க்கால். படம் ஏன் இல்லை என்பதை இங்கே எழுத வேண்டும். சித்தி வட்டக்கச்சியிலிருந்து ஒரு சொப்பிங் பையில் இரண்டு பொருளைக் கொண்டுவந்தார். ஒன்று குடும்ப அல்பம். மற்றது சீருடையோடு சின்னவனின் படம், வீரச்சாவு வீட்டுக்கு இயக்கம் கொடுக்கிற படம். ஒன்பது இடத்திலும் அரிசியை விட்டாலும் அந்தப் பையை விடவில்லை. மே நடுப்பகுதியில் சனம் வட்டுவாகல் பாலத்தால் ஆமியின் பக்கம் போகத் தொடங்கியது. மாவீரர் குடும்பம், இயக்கத்தில் செத்தவரின் வீடு, என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும். முள்ளிவாய்க்கால் முழுக்க அந்த இரண்டு நாளும் தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கிழித்தார்கள், எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள். சித்திக்குக் கிழிக்க மனம் வரவில்லை. பங்கருக்குள் பையோடு வைத்துத் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். கையில் ஒரு மகள் உயிரோடு இருந்தாள், அவளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சின்னவனை இரண்டாம் தரம் தாட்டன் என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

மெனிக் பாம் அகதி முகாமில் ஒன்றரை வருடம். திரும்பி வந்து, பாதை விட்ட பிறகு தேடிப் போனார்கள். அந்த இடத்தை மட்டமாக்கியிருந்தார்கள். எந்தப் பனையிலிருந்து எத்தனை அடி என்று வைத்திருந்த கணக்குக்குப் பனையே இல்லை.

வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது, தண்ணீருக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் கிடக்கிறது. நந்திக்கடல் மாரித் தண்ணீரோடு நிரம்பி நின்றது. ஒருவர் வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார். இந்தப் பாலத்தைத் தாண்டிய இடத்தில்தான் கணவரை, பிள்ளையை ஆமியின் கையில் ஒப்படைத்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒப்படைத்தவர்கள் எங்கே என்று கேட்டு, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் அவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் முகம் போட்ட மட்டையைப் பிடித்தபடியே அதில் எத்தனையோ தாய்மார் செத்துப்போய்விட்டார்கள். இந்த ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகளும் சீருடைத் துணிகளும் வந்தன. அந்தச் செய்தி வந்த இரவு சித்தி நித்திரை கொள்ளவில்லையாம். "என்ர பிள்ளை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். தெரியாத தாய்மார் இண்டைக்கு என்ன செய்வினமோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வன்னியில் துக்கத்துக்கும் இப்படி வரிசை இருக்கிறது. உடலைக் கண்டவர்கள் காணாதவர்கள் முன்னால் சத்தமாக அழமாட்டார்கள்.

ஆறு மணிக்கு முன்னம் திரும்பிவிட்டோம். இன்று கார்த்திகை விளக்கீடு. சித்தி படலையடியில் வாழைக்குற்றி நட்டு, தேங்காய்ப் பாதியில் எண்ணெய் விட்டு வைத்திருந்தார். வாய்க்கால் கட்டு நீளத்துக்கும் வீடுவீடாகச் சிட்டி விளக்கு. மேகம் விலகி நிலவும் வந்தது. மாமரத்தடி விளக்கைச் சித்தி என் கையில் தந்து ஏற்றச் சொன்னார். சின்னவன் ஏற்றுகிற விளக்காம் அது.

நவம்பர் 27, திங்கள்

தங்கச்சி லீவு எடுத்தாள். ஒரு நாள் சம்பளமும் வரவுப் பணமும் போகும். அவள் அதைச் சொல்லவில்லை, சித்தி சொன்னார்.

பகலெல்லாம் மழை. சித்தி கோழிப் புக்கை மாதிரி ஏதும் சமைப்பாரோ என்று நினைத்தேன். இல்லை, புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். அவன் பாதியில் விட்டுவிட்டு எழும்பிய சாப்பாடு. ஒரு வாழையிலையில் வைத்துப் படத்துக்கு முன்னால் மூடி வைத்தார். தங்கச்சி அந்தப் பக்கம் வரவில்லை.

இன்று மாவீரர் நாள். நாலு மணிக்குக் கனகபுரம். இயக்கத்தில் செத்தவர்களை அடக்கம் செய்த துயிலும் இல்லத்துக்குப் போகிற வீதி முழுக்கச் சிவப்பு மஞ்சள் கொடி. சனம் சனம், ஓட்டோவிலும் லாண்ட்மாஸ்டரிலும் நடையிலும். எல்லோர் கையிலும் பூ, எண்ணெய்ப் போத்தல், குடை. நெருப்பு நிறத்தில் கார்த்திகைப் பூவை ஒரு சிறுமி மாலையாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். போரின் பிறகு இங்கிருந்த கல்லறைகள் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். 2016இல் சனமே வந்து பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, உடைந்த கற்களைக் குவித்து, மறுபடி விளக்கு ஏற்றியது. அந்தக் குவியலில் சில கற்களில் இன்னும் எழுத்துத் தெரியும். ஒரு கல்லில் பிறந்த ஊர் மட்டும் மிச்சம், இன்னொன்றில் ஆண்டு மட்டும்.

இப்போது வரிசையாகத் தடி நட்டு ஒவ்வொன்றிலும் விளக்கு வைத்திருக்கிறார்கள். பழைய வரிசைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சித்தி அதைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடந்தார், பிறகு இடப்பக்கம் திரும்பி, உதடு அசைய அடிகளை எண்ணிக்கொண்டு போனார். 2008 செப்டம்பரில் கிபிர் குண்டுவிமானம் மேலே சுற்றிக்கொண்டு நிற்க, ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கம் முடிந்ததாம். பெட்டியைத் திறந்து காட்டவில்லை. அதற்குப் பிறகு இடம்பெயர முன்னம் அவர் நாலு தரம்தான் வந்தார். நாலு தரமும் எண்ணியிருக்கிறார்.

அவர் போய் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் தடியில் ஏற்கெனவே ஒரு அம்மா இருந்தார். எழுபது வயதிருக்கும், முழங்காவில் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்தவர். "இதில என்ர மகள்" என்றார். சித்தி, "இதில என்ர மகன்" என்றார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா நகர்ந்து இடம் விட, சித்தி பக்கத்தில் குந்தினார். ஒரே தடியின் இரண்டு பக்கமும் இரண்டு படம் சாய்த்து வைத்தார்கள். அந்தப் பிள்ளை சீருடையில், இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, நிமிர்ந்து நேரே பார்க்கிறாள். இந்தப் பக்கம் எங்கள் சின்னவன் ஐஸ்கிறீமோடு.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "இவ்வளவு சின்னப் பிள்ளையோ?"

சித்தி ஒன்றையும் விளங்கப்படுத்தவில்லை. "ஓம், சின்னப் பிள்ளைதான்" என்றார்.

6.05க்கு மணி ஒலித்தது. ஒரு நிமிடம் அகவணக்கம். அத்தனை ஆயிரம் சனத்திலும் கைக்குழந்தை ஒன்று அழுத சத்தம் மட்டும்தான். 6.07க்குப் பொதுச்சுடர் ஏற்ற, எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கியது. பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு ஐயா, "அப்பா வந்திட்டன், அப்பா வந்திட்டன்" என்று மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். மழை தூறியது. சித்தி விளக்குக்குக் குடை பிடித்தார், தனக்குப் பிடிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் யாரோ பேசினார்கள். விரும்பித் தம்மைக் கொடுத்தவர்கள் என்று ஒரு வரி வந்தது. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் விரும்பிப் போனானா? நேற்றிரவு முழுக்க யோசித்தேன். யாரும் அந்த வளவுக்குள் வந்திருக்காவிட்டால் அவன் புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். ஆனால் வந்த பிறகு எழும்பினது அவன்தான், அவனை யாரும் எழுப்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது அவன் இல்லை.

பெற்றோருக்குத் தென்னங்கன்று கொடுத்தார்கள். சித்தியிடம் இப்படிக் கிடைத்த தென்னை ஏற்கெனவே நாலு இருக்கிறது. வளவில் நிற்கிற நாலும் எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நவம்பர் 28, செவ்வாய்

தங்கச்சி விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது நான் நித்திரை. சித்தியோடு முறிகண்டிப் பிள்ளையாரடிக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தோம். ஏ9இல் போகிற எந்த வாகனமும் அவருக்கு முன்னால் நிற்காமல் போகாது. கச்சான் இரண்டு பை வாங்கி ஒன்றை என் பையில் திணித்தார். "அக்காவுக்கு" என்றார். பிறகுதான் அக்கா, என் அம்மா, இல்லை என்பது நினைவு வந்தது போல. திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "சரி, நீ சாப்பிடு" என்றார்.

படம் விறாந்தைச் சுவரில் ஏறிவிட்டது. ஆணி அடித்தது நான். கொஞ்சம் சரிந்து நிற்கிறது என்றேன். இருக்கட்டும், அவனும் அப்பிடித்தான் நிற்பான் என்றார் சித்தி.

பஸ்ஸில் ஏறி இருந்து சில்லறை எடுக்கச் சேர்ட் பொக்கற்றுக்குள் கை விட்டபோது நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்று அகப்பட்டது. தங்கச்சியின் எழுத்து. காலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அண்ணா, ஸ்ரூடியோத் தம்பியிட்டச் சொல்லி எனக்கு வேற ஒண்டு செய்து தாங்கோ. அம்மாவுக்குக் காட்ட வேண்டாம். காசு நான் அனுப்புறன். மீசை இப்பதான் முளைச்ச மாதிரி, நடுவில இல்லை, கரையில மட்டும். இடது புருவத்தில சின்ன வெட்டு, வாய்க்கால்ல விழுந்தது. தலைமயிர் முன்னுக்கு நெத்தியில விழும். கழுத்தில கறுப்பு நூல். நீலச் சேர்ட், மேல் பொத்தான் இல்லை. வெளிச்சம் ஒரு பக்கத்தால. கண் இங்கால பாக்கக் கூடாது.

சிரிக்கிற மாதிரி வேண்டாம். அண்டைக்கு அவன் சிரிக்கேல்லை."